ஒரே ஒரு ஞாயிறு, கார் இல்லை: லண்டனிலிருந்து எங்கே போகலாம்?

இரவுப்பணி | ஏப்ரல் 9, இரவு 11:20

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக ஈஸ்ட்ஹாமில் இருக்கிறேன். மருத்துவமனையில் வேலை, பெரும்பாலும் இரவு நேரம். வீட்டுக்காரருக்கு வாரத்தில் ஆறு நாள் வேலை. இருவருக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைப்பது மாதத்தில் ஒரு ஞாயிறு, மிஞ்சினால் இரண்டு. அதுவும் காய்கறி வாங்குவது, துணி துவைப்பது, யாராவது வீட்டுப் பிறந்தநாள் என்று கரைந்துவிடுகிறது.

போன வாரம் என் ஏழு வயது மகள் பள்ளிக்காகப் பசு ஒன்றை வரைந்துகொண்டிருந்தாள். பென்சிலை வைத்துவிட்டு, "அம்மா, நிஜப் பசு எவ்வளவு உயரம் இருக்கும்?" என்று கேட்டாள். நான் காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்தில் தொழுவத்துக்குள்ளேயே வளர்ந்தவள். அன்று இரவு வேலைக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் மனத்தில் ஓடியது.

இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாங்கள் இங்கிலாந்தின் வயல்களைப் பார்த்தது, வேல்ஸில் இருக்கும் ஸ்கந்தவேல் கோயிலுக்குக் கோச்சில் போய்வரும்போது கண்ணாடி வழியாக மட்டும்தான். இறங்கி நின்றதில்லை.

எங்களிடம் கார் இல்லை. மகளுக்கு ஏழு வயது, மகனுக்குப் பத்து. என் அம்மாவுக்கு அறுபத்தெட்டு. மெதுவாக என்றால் இரண்டு மணி நேரம் நடப்பார். காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டும். எங்கே போவது? இன்னொன்றும் கேட்க வேண்டும். வயல்கள் எல்லாம் யாரோ ஒருவருடைய நிலம்தானே? அதற்குள் நாம் எப்படிக் கால் வைப்பது?

---

வரைபடப்பை | ஏப்ரல் 10, காலை 7:05

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது தெளிந்துவிட்டால் மற்றவை எளிது.

வயலுக்குச் சொந்தக்காரர் இருப்பார். ஆனால் அதன் குறுக்கே பொதுப்பாதை போனால், அதில் நடக்கும் உரிமை சட்டப்படி உங்களுக்கு உண்டு. நீங்கள் யார், எங்கிருந்து வந்தீர்கள் என்று யாரும் கேட்க முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக இப்படிப்பட்ட பாதைகள் ஏறத்தாழ 1,40,000 மைல் நீளத்துக்கு இருக்கின்றன. பெரும்பாலும் பழைய ஊர்வழிகள்: தேவாலயத்துக்கு, மாவு ஆலைக்கு, சந்தைக்கு என்று மக்கள் நடந்து நடந்து உண்டானவை. நிலத்தை உழும்போது பாதை அழிந்தால், அதை மறுபடி நடக்கத் தக்கதாக ஆக்கித் தருவது விவசாயியின் சட்டக் கடமை. பாதை தொடங்கும் இடத்தில் மரக்கம்பம் இருக்கும். மஞ்சள் அம்பு போட்டிருந்தால் நடப்பவர்களுக்கான வழி. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும்கூட வரலாம்.

ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் ஆரஞ்சு அட்டை வரைபடம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அளவு 1:25,000, அதாவது தாளில் நான்கு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். அதில் விட்டுவிட்டுப் போகும் பச்சைக் கோடுகள் எல்லாம் நீங்கள் நடக்கக்கூடிய வழிகள். கைபேசியிலும் இது கிடைக்கிறது. ஆனால் பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும், தாள் போகாது. பிள்ளைகளை வரைபடத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். பத்து வயதுப் பையன் அரை மணியில் கற்றுக்கொள்வான்.

புதிதாக வருகிறவர்களிடம் தவறாமல் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. 1932 ஏப்ரல் 24, ஒரு ஞாயிற்றுக்கிழமை. மான்செஸ்டர் பக்கத்திலிருந்து சுமார் 400 பேர், பெரும்பாலும் இளம் தொழிலாளர்கள், கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டுநிலத்தின் மேல் கூட்டமாக ஏறினார்கள். பணக்காரர்கள் பறவை வேட்டை ஆடுவதற்காகப் பொதுமக்களுக்கு அடைத்து வைத்திருந்த நிலம் அது. வாரம் முழுக்கப் புகையில் வேலை செய்துவிட்டு, கிடைக்கும் ஒரே நாளில் நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. 1951-இல் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பீக் டிஸ்ட்ரிக்டுக்குள்தான் அதே கிண்டர் ஸ்கௌட் இருக்கிறது. பாதை இல்லாத இடத்திலும் மலை, மேட்டுநிலம், பொதுப் புல்வெளி ஆகியவற்றில் நடக்கும் உரிமை 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்தது.

ஞாயிறு மட்டுமே விடுமுறையாக இருந்தவர்கள் போராடிப் பெற்றது, இரவுப்பணி அவர்களே. உங்களுக்கும் ஞாயிறுதான் இருக்கிறது. தயங்காமல் இறங்குங்கள்.

---

நாலுசக்கரம் | ஏப்ரல் 10, காலை 9:48

அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும்போது ரயிலை நம்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றாலே தண்டவாளப் பராமரிப்பு, ரயிலுக்குப் பதில் பஸ். நான் பட்ட அனுபவம் போதும். ஒரு நாளைக்குக் கார் வாடகைக்கு எடுத்து காட்ஸ்வோல்ட்ஸ் போய்வாருங்கள். தேன் நிறக் கல்வீடுகள், ஓடை, வாத்துகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

---

வெண்பாறை | ஏப்ரல் 10, பகல் 1:15

நாலுசக்கரம் அண்ணா சொல்வதை மதிக்கிறேன், ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. காரில் போனால் கார் நிற்கும் இடத்துக்கே திரும்பி வர வேண்டும். ரயிலில் போனால் ஒரு நிலையத்தில் இறங்கி நடந்து, வேறொரு நிலையத்தில் ஏறலாம். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் காலால் போய்ச் சேர்ந்தோம் என்ற நிறைவு அதில்தான் இருக்கிறது.

நான் தென்கரைக்குப் போய்க்கொண்டே இருப்பவன். விக்டோரியாவிலிருந்து லூயிஸ் வந்து ரயில் மாறி சீஃபோர்டில் இறங்கினால் மொத்தம் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து கடலோரமாகவே ஈஸ்ட்பர்ன் வரை நடக்கலாம். சுமார் 14 மைல், ஏற்றமும் இறக்கமுமாக முழுநாள் எடுக்கும். அந்த வழியில்தான் செவன் சிஸ்டர்ஸ் என்ற வெண்சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள் வருகின்றன. முதலில் கக்மியர் ஆறு குறுக்கிடும். முகத்துவாரத்தில் கடக்க வழியில்லை. உள்நாட்டுப் பக்கமாக எக்ஸீட் பாலம் வரை சுற்றிப் போக வேண்டும். அந்தச் சுற்றலைச் சிலர் வீண் என்பார்கள். ஆறு பாம்புபோல் வளைந்து கிடப்பதை அருகிலிருந்து பார்ப்பது அங்கேதான், எனக்கு அது மிகவும் பிடித்த இடம். கடைசியில் பீச்சி ஹெட், 162 மீட்டர் உயரம், பிரிட்டனில் கடலோரச் சுண்ணாம்புப் பாறைகளில் இதுதான் மிக உயரமானது.

முழுவதும் நடக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பிரைட்டனுக்கும் ஈஸ்ட்பர்னுக்கும் இடையே ஓடும் 12-ஆம் எண் பஸ் எக்ஸீட்டில் நிற்கும். இறங்கி ஆற்றோரமாகக் கடற்கரை வரை சமதரையில் போய்வரலாம். உங்கள் அம்மாவால் முடியும்.

ஒன்றே ஒன்றை மறக்காதீர்கள். பாறை விளிம்பிலிருந்து பல அடி தள்ளியே நில்லுங்கள். சுண்ணாம்பு கீழே அரிக்கப்பட்டு, மேலே புல் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு. மேலிருந்து பார்த்தால் தெரியாது. அடியில், பாறைச் சுவரை ஒட்டியும் உட்காரக் கூடாது.

---

அமர்ஷம்_தடம் | ஏப்ரல் 10, மாலை 6:30

முதல் பயணத்துக்குச் செவன் சிஸ்டர்ஸ் வேண்டாம் என்பேன். சில்டர்ன் குன்றுகளுக்குப் போங்கள். ரயில் டிக்கெட்கூடத் தேவையில்லை, ஆய்ஸ்டர் அட்டையே போதும்.

ஈஸ்ட்ஹாமிலிருந்து ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி தடத்தில் வந்து லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலோ பேக்கர் ஸ்ட்ரீட்டிலோ மெட்ரோபாலிடன் தடத்துக்கு மாறுங்கள். அமர்ஷம் போகும் ரயிலில் சால்ஃபான்ட் அண்ட் லாட்டிமர் நிலையம். மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடலாம். பதினொரு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெரியவர்களோடு வந்தால் பாதாள ரயிலில் கட்டணமே இல்லை. அம்மாவிடம் மூத்தோருக்கான ஃப்ரீடம் பாஸ் இருந்தால் அவருக்கும் இலவசம். ஆக, செலவு இரண்டு பேருக்குத்தான்.

நிலையத்திலிருந்து காடு வழியாக இறங்கினால் செஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஆறு என்ற பெயரே தவிர, நம் ஊர் வாய்க்கால் அளவுதான். ஆனால் அந்தத் தண்ணீரைப் பாருங்கள்! மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி வடிகட்டப்பட்டு ஊற்றாக வெளிவருகிறது. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். உலகத்தில் இந்த வகைச் சுண்ணாம்பு ஓடைகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தில்தான் இருக்கின்றன. ஓடிக்கொண்டே இருக்கும் இந்தத் தெளிந்த நீரில்தான் வாட்டர்கிரெஸ் என்ற கீரையைப் பயிரிட்டு லண்டன் சந்தைக்கு அனுப்பிவந்தார்கள்.

தலைக்கு மேலே பருந்துகள் வட்டமிடும். வால் பிளவுபட்டு இருந்தால் அது ரெட் கைட். இங்கிலாந்தில் முற்றிலும் அழிந்துபோன பறவை. 1989-இலிருந்து 1994 வரை ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இந்தக் குன்றுகளில் விட்டார்கள். இப்போது ஒரு நடையில் இருபது முப்பது பார்க்காமல் திரும்ப முடியாது.

ஏப்ரல் கடைசி வாரம் போனால் காட்டுக்குள் ப்ளூபெல் என்ற நீலப் பூ பூத்திருக்கும். பாதையை விட்டு விலகிப் பூவுக்குள் இறங்காதீர்கள், ஒருமுறை மிதிபட்ட செடி தேற ஆண்டுகள் ஆகும்.

---

ஒழுங்கை | ஏப்ரல் 10, இரவு 9:12

பிள்ளை, உங்கள் பதிவை வாசித்தேன். நான் டூட்டிங்கில் முப்பத்தைந்து வருடமாக இருக்கிறேன். சொந்த ஊர் வடமராட்சி. ஓய்வு பெற்ற பிறகுதான் நடக்கத் தொடங்கினேன். அதற்கு முன் போயிருக்கலாமே என்ற கவலை இன்றும் இருக்கிறது.

முதன்முதலாக டார்க்கிங் பக்கம் ஒரு பழைய பாதையில் இறங்கினேன். இருபுறமும் ஆளுயர வேலி, நடுவே மண்வழி, மேலே கிளைகள் கூடாரம்போல் கவிந்திருந்தன. அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் ஊர் ஒழுங்கை அல்லவா இது! கிளுவையும் பூவரசும் இருந்த இடத்தில் இங்கே ஹாதார்னும் முட்செடிகளும் நிற்கின்றன. பாத்தி வேறு, பயிர் வேறு, ஆனால் வேலிக்குள் குருவி கூடு கட்டுகிற சத்தம் ஒன்றுதான். ஆகஸ்ட் கடைசியில் அந்த வேலிகளில் கறுப்பாகப் பழம் தொங்கும். பிளாக்பெரி. பாதையோரத்தில் இருப்பதைப் பிள்ளைகள் பறித்துத் தின்னலாம்.

டார்க்கிங் பக்கம் வருவதென்றால் பாக்ஸ் ஹில் நல்ல இடம். நிலையத்திலிருந்து சிறிது தூரத்தில் மோல் ஆற்றின் குறுக்கே காலடிக் கற்கள் போட்டிருக்கிறார்கள். கல்லுக்குக் கல் தாவிக் கடக்கலாம். மழை பெய்து ஆறு ஏறியிருந்தால் அருகில் பாலம் இருக்கிறது, அதில் போங்கள். அதன்பின் குன்றின் உச்சிக்குப் படிகள் நிறைய. அம்மா கீழேயே ஆற்றோரம் இருந்துகொள்ளலாம்.

---

புதுவரவு_இல்ஃபோர்ட் | ஏப்ரல் 10, இரவு 10:40

பிள்ளைகளுக்கு மணல் பிடிக்கும் என்றால் ரை நகரமும் கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரையும் போகலாமே? செயின்ட் பேங்க்ராஸிலிருந்து ஆஷ்ஃபர்ட் வேக ரயில், பிறகு ரைக்கு இன்னொரு ரயில், அங்கிருந்து பஸ். படத்தில் மிக அழகாக இருந்தது.

---

ஒழுங்கை | ஏப்ரல் 10, இரவு 11:35

தம்பி, அழகான இடம்தான். போகவேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

2016 ஆகஸ்ட் 24 அன்று லண்டனிலிருந்து ஒரு நாள் உல்லாசமாக அங்கே போன ஐந்து தமிழ் இளைஞர்கள் கடலில் மாண்டார்கள். ஐவரும் நண்பர்கள், அவர்களில் இருவர் சகோதரர்கள் என்று ஒவ்வொரு கோயிலிலும் கடையிலும் அன்று பேச்சு. நீச்சல் தெரியாத கூட்டம் என்று வெளியே பேசியவர்களும் இருந்தார்கள். அந்தக் கடற்கரையின் தன்மை வேறு. கடல் வற்றும்போது வெகுதூரம் மணல் வெளியே தெரியும். நடந்து நடந்து உள்ளே போய்விடலாம். ஏற்றம் திரும்பும்போது முன்னாலிருந்து மட்டும் வராது. மணல்திட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளங்களில் தண்ணீர் முதலில் நிரம்பி, நிற்பவர்களைக் கரையிலிருந்து துண்டித்துவிடும். அப்போது அங்கே உயிர்காப்பாளர்களும் இருக்கவில்லை. அதன் பிறகுதான் வந்தார்கள்.

இங்கிலாந்தின் எந்தக் கடற்கரைக்குப் போனாலும் அன்றைய ஏற்றவற்ற நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். யாராவது தத்தளித்தால் பின்னால் பாய வேண்டாம், 999 அழைத்துக் கோஸ்ட்கார்ட் என்று கேளுங்கள். இதை உங்கள் வீட்டு இளைஞர்களுக்கும் சொல்லுங்கள்.

---

நாலுசக்கரம் | ஏப்ரல் 11, காலை 8:20

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு என் இரண்டு பையன்களையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். நன்றி.

---

தனிநடை | ஏப்ரல் 11, பகல் 12:05

நான் தனியாக நடப்பவள், நாற்பது வயது, எட்டு ஆண்டுப் பழக்கம். "பயமில்லையா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதல் ஆண்டு இருந்தது. எந்தப் பாதை, எத்தனை மணி ரயில் என்று தங்கைக்கு அனுப்பிவிட்டுத்தான் கிளம்புவேன். இன்றும் அப்படித்தான்.

லண்டனில் எதிரில் வருபவரின் முகத்தைப் பார்க்கக்கூட மாட்டோம். ஊர்ப்புறப் பாதையில் எதிர்ப்படும் எவரும் காலை வணக்கம் சொல்லாமல் போகமாட்டார். நாமும் சொல்ல வேண்டும். ஒருமுறை நாயோடு வந்த ஒருவர் என்னை நிறுத்தி, "வழி தவறிவிட்டீர்களா?" என்று கேட்டார். உதவியாகக் கேட்டாரா, நீ எப்படி இங்கே என்ற பொருளில் கேட்டாரா என்று அன்று முழுக்க யோசித்தேன். இப்போது யாராவது கேட்டால் வரைபடத்தை விரித்து, நான் போகிற இடத்தைக் காட்டி, அந்தப் பாதை இப்போது எப்படி இருக்கிறது என்று அவரிடமே கேட்கிறேன். பேச்சு நடையைப் பற்றியதாக மாறிவிடுகிறது. தனியாகத் தொடங்கத் தயக்கம் இருந்தால் ராம்ப்ளர்ஸ் என்ற நடைப்பயண அமைப்பின் உள்ளூர்க் குழுக்கள் இருக்கின்றன. 1935-இலிருந்து இயங்கும் அமைப்பு. உறுப்பினராகும் முன் சில நடைகளில் சேர்ந்து பார்க்கலாம்.

காலணி முக்கியம். ஏப்ரலில் வெயில் அடித்தாலும் காட்டுப் பாதை சேறாக இருக்கும். வழுவழுப்பான அடிப்பாகம் உள்ள விளையாட்டுக் காலணி சறுக்கும். காலுறை ஒரு ஜோடி கூடுதலாகப் பையில் போடுங்கள். முழுக்கால் உடை போடுங்கள், காஞ்சொறியும் உண்ணியும் இருக்கும். வீடு திரும்பியதும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, காதுமடல், தலைமுடியில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதன் கடியால் லைம் என்ற நோய் வரக்கூடும்.

கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள். வேலிக்கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போங்கள், திறந்திருந்தால் திறந்தே.

---

வெண்பாறை | ஏப்ரல் 11, மாலை 4:50

காட்ஸ்வோல்ட்ஸ் பற்றி ஒரு வார்த்தை, நாலுசக்கரம் அண்ணா. ஒரே நாளில் நான்கு ஊர் பார்க்கிறோம் என்று கிளம்பினால் பார்ப்பது நான்கு கார் நிறுத்தங்களைத்தான். கோடைக்கால ஞாயிறுகளில் பைபரியில் ஒரு தெருவுக்குள் கோச் கோச்சாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். அந்த வீடுகளில் குடியிருப்பவர்களின் சன்னலுக்குள் கேமராவை நீட்டுகிறார்கள். அது எனக்கு வேதனையாக இருக்கிறது.

அங்கேயும் ரயிலில் போகலாம். பேடிங்டனிலிருந்து மோர்ட்டன் இன் மார்ஷ் நேரடி ரயில், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஊரிலிருந்து வயல் வழியே ஒன்றரை மைல் நடந்தால் பாட்ஸ்ஃபர்ட் மரத்தோட்டம். வசந்தத்தில் ஜப்பானியச் செர்ரி மரங்கள் பூத்து நிற்கும். ஒரு தோட்டம், ஒரு ஊர், போய்வர நான்கு மைல்கூட இல்லை. அந்த ஒரு நாள் நிறைந்துவிடும்.

ரயில் கட்டணம் பற்றி: நெட்வொர்க் ரெயில்கார்ட் ஒன்று வாங்கினால் லண்டனிலும் தென்கிழக்குப் பகுதியிலும் நெரிசல் இல்லாத நேரங்களில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. அட்டை வைத்திருப்பவரோடு வரும் மூன்று பெரியவர்களுக்கும் அதே தள்ளுபடி, நான்கு பிள்ளைகளுக்கு 60 சதவீதம். ஒரு குடும்பத்துக்கு ஒரு அட்டை போதும். கிராமத்துப் பஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு 2025 ஜனவரியிலிருந்து ஒரு பயணத்துக்கு 3 பவுண்டுதான் உச்சவரம்பு. ஞாயிற்றுக்கிழமை சில ஊர்களுக்கு பஸ்ஸே இருக்காது, அதை மட்டும் முன்பே பாருங்கள்.

---

நாலுசக்கரம் | ஏப்ரல் 11, இரவு 8:00

நீங்கள் சொன்ன அந்த நான்கு கார் நிறுத்தங்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன், தம்பி. மோர்ட்டனுக்கு ஒருமுறை ரயிலில் போய்ப் பார்க்கிறேன். ஆனால் என் மாமியார் சக்கர நாற்காலியில் இருக்கிறார். வேலி தாண்டும் மரப்படியில் நாற்காலி ஏறாது, சேற்றில் ஓடாது. அவரை அழைத்துப் போக எனக்குக் கார் வேண்டும். எல்லோருக்கும் ரயில்தான் சரி என்று எழுதாதீர்கள்.

---

வெண்பாறை | ஏப்ரல் 11, இரவு 8:25

சரியாகச் சொன்னீர்கள். நான் அதை யோசிக்கவில்லை, மன்னியுங்கள். எக்ஸீட்டிலிருந்து ஆற்றின் கிழக்குப் பக்கம் போகும் பாதை ஓரளவு கெட்டியானது, பஸ்ஸோ காரோ இரண்டிலும் அங்கே போய்ச் சேரலாம். மாமியாரை ஒருநாள் அங்கே அழைத்துப் போங்கள். முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டால் நல்லது.

---

இரவுப்பணி | ஏப்ரல் 28, காலை 10:15

போய்வந்துவிட்டோம்! நேற்று முன்தினம், ஞாயிறு, செஸ் பள்ளத்தாக்கு. இரவு வேலை முடித்து வந்திருக்கிறேன், தூங்குவதற்கு முன் எழுதிவிட வேண்டும்.

சனிக்கிழமை இரவே புளிச்சோறு கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, இலைக்குப் பதில் அலுமினியத் தாளில் கட்டிவைத்தார் அம்மா. கட்டுச்சோறு கட்டி எத்தனை காலம் ஆயிற்று என்று சொல்லிக்கொண்டே கட்டினார். காலையில் எங்கள் பக்கத்தில் ஒரு தடம் பராமரிப்புக்காக மூடியிருந்தது. நாலுசக்கரம் அண்ணா எச்சரித்ததால் முன்னிரவே பார்த்து வேறு வழி வைத்திருந்தோம். அரை மணி கூடுதலாயிற்று, அவ்வளவுதான்.

நிலையத்திலிருந்து வீடுகளுக்கு நடுவே சிறிது தூரம். பிறகு காடு. காட்டுக்குள் முதல் வளைவிலேயே ப்ளூபெல். நான் எங்கோ இரண்டு மூன்று கொத்துகள் இருக்கும் என்று நினைத்தேன். தரை முழுவதும் நீலம், மரங்களின் அடியிலெல்லாம் நீலப் புகை தங்கியதுபோல் இருந்தது. மகன் வரைபடத்தை மறந்து நின்றுவிட்டான். மணம் அத்தனை மெல்லியது. குனிந்து முகர்ந்தால் இல்லை, நிமிர்ந்து நடந்தால் வருகிறது.

பாதையில் ஓரிடம் கணுக்கால் வரை சேறு. மகளின் ஒரு காலணி அதிலேயே நின்றுவிட்டது, கால் மட்டும் வெளியே வந்தது. அழப்போகிறாள் என்று பார்த்தால் சிரிக்கிறாள். தனிநடை அக்கா சொன்ன கூடுதல் காலுறை அங்கே கைகொடுத்தது.

லாட்டிமர் கிராமம் சின்னப் புல்திடலும் அதைச் சுற்றிச் சில வீடுகளுமாக இருக்கிறது. திடலில் போயர் போரில் பங்கெடுத்தவர்களுக்கு ஒரு நினைவுக்கல். பக்கத்தில் ஒரு சிறு மேடு. அதற்குள் ஒரு குதிரையின் இதயம் புதைக்கப்பட்டிருப்பதாகக் கல்லில் எழுதியிருக்கிறது. 1900-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த சண்டையில் பிரிட்டனை எதிர்த்துப் போயர்கள் பக்கம் போரிட்ட வில்புவா என்ற பிரெஞ்சுத் தளபதி ஏறியிருந்த குதிரையாம், பிறகு இந்த ஊருக்குக் கொண்டுவரப்பட்டது. எதிரியின் குதிரைக்கு இப்படி ஓர் இடம். மகன் அதை மூன்று முறை வாசித்தான். "உடம்பு எங்கே அம்மா?" என்று கேட்டான், எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தப் புல்திடலில்தான் சாப்பிட்டோம். மேலே பருந்து வந்தது, பிளவுபட்ட வால், செம்பழுப்பு நிறம். அம்மா சோற்றுக் கையைத் துடைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்றார். அவர் கண்ணுக்கு அது கருடன். வேறு பறவை என்று மகன் சொல்ல வாயெடுத்தான், நான் வேண்டாம் என்று கைகாட்டினேன்.

ஆற்றோர வயலில் பசுக்கள் நின்றன. கன்றுகள் இல்லை, எல்லாம் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. பாதை அவற்றிலிருந்து முப்பது அடி தள்ளிப் போனது. ஒரு பசு எழுந்து நின்றது. மகள் என் பின்னால் ஒளிந்தாள். "பயப்படாதே, அது உன்னைப் பார்க்கிறது, நீயும் அதைப் பார்" என்றார் அம்மா. பிறகு நின்ற இடத்திலேயே அசைபோடுவது எப்படி, வயிற்றுக்குள் எத்தனை அறை, கொம்பில்லாத மாடு ஏன் இப்படி என்று பேத்திக்குச் சொல்லத் தொடங்கினார். இந்த நாட்டில் அம்மா தனக்குத் தெரிந்த ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. இங்கே எப்போதும் அவர்தான் கேட்பவர், பிள்ளைகள் சொல்பவர்கள். அன்று ஒரு கால்மணி நேரம் அது தலைகீழாக இருந்தது. பசுவின் முதுகு என் தோளுக்கு வருகிறது என்று மகள் கண்ணளவில் பார்த்துச் சொன்னாள்.

செனீஸ் என்ற ஊர் வழியாக மேலேறி அதே நிலையத்துக்கு வந்தோம். சுமார் 5 மைல், நடுவில் இரண்டு முறை நீண்ட ஓய்வு. கடைசி ஏற்றத்தில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஒரு வயதான தம்பதியர் தங்கள் நடைக்கோல்களில் ஒன்றை அவரிடம் கொடுத்து, மேடு ஏறும்வரை கூடவே வந்தார்கள். ஒரு மொழியும் பொதுவாக இல்லாமல் மூவரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்கள்.

வீட்டுக்காரர் ரயிலில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். ஆறு நாள் வேலை செய்த உடம்பு. ஆனால் அந்த முகத்தை நான் நீண்ட நாளாகப் பார்க்கவில்லை.

---

வரைபடப்பை | ஏப்ரல் 28, பகல் 11:40

பையன் வரைபடத்தைப் பார்த்து வழி சொன்னானா?

---

இரவுப்பணி | ஏப்ரல் 28, மாலை 7:30

இரண்டு இடத்தில் சரியாகச் சொன்னான். ஓரிடத்தில் நீலக் கோட்டைப் பாதை என்று நினைத்து ஓடைக்குள் இறக்கப் பார்த்தான். இப்போது வரைபடத்தைக் கட்டிலருகில் வைத்துக்கொண்டு தூங்குகிறான். அடுத்த விடுமுறை மே 31. எங்கே போகலாம் என்று அவனே கேட்கிறான்.

---

தனிநடை | ஏப்ரல் 28, இரவு 9:05

மேனிங்ட்ரீ. உங்கள் பக்கத்திலிருந்து வசதி. லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். நிலையத்திலிருந்து ஸ்டூர் ஆற்றோரமாக இரண்டு மைல் சமதரையில் நடந்தால் ஃபிளாட்ஃபர்ட் மில். 1776-இல் பக்கத்து ஊரில் பிறந்த ஓவியர் கான்ஸ்டபிள், வைக்கோல் வண்டி ஆற்றில் நிற்கும் அந்தப் பெரிய படத்தை இந்த இடத்தை வைத்துத்தான் வரைந்தார். படம் லண்டனில் நேஷனல் கேலரியில் இருக்கிறது, அனுமதி இலவசம். முதலில் அதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வாருங்கள். ஆற்றங்கரையில் நின்று அந்த வீடு எங்கே, வண்டி நின்ற இடம் எங்கே என்று அவர்களே தேடட்டும். அம்மாவுக்கு ஏற்றமே இல்லை.

---

ஒழுங்கை | ஏப்ரல் 28, இரவு 10:10

பிள்ளை, மே 31 நானும் வரலாமா? உங்கள் அம்மாவிடம் மாடுகளைப் பற்றிக் கேட்க எனக்கும் சில கேள்விகள் இருக்கின்றன. நடைக்கோல் இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று அவருக்கு.

---

இரவுப்பணி | ஏப்ரல் 29, காலை 8:45

வாருங்கள் ஐயா, கட்டாயம் வாருங்கள். அம்மாவிடம் சொன்னேன். பெரியவர் வடமராட்சி என்றால் உறைப்பு எவ்வளவு போடுவது என்று கேட்டார். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் மேனிங்ட்ரீ ரயிலுக்கான நடைமேடை வாசலில் காலை எட்டரைக்கு நிற்போம். சனிக்கிழமை இரவு ரயில் ஓடுகிறதா என்று பார்த்து இங்கேயே எழுதுகிறேன். வேறு யார் வருவதானாலும் முன்பே சொல்லிவிடுங்கள், சோறு அளந்து வைக்க வேண்டும்.